பட்டியலில் பதினாலாவது பேரு

டிக்கெட் எடுத்துட்டீங்கல்லா தம்பி? கோவிச்சுக்கிடாதீங்க, வாய் தன்னால கேட்டுருது. முப்பத்திரண்டு வருசம் இந்த பஸ்சுகள்லயே கெடந்தவன் நான். பதினோரு வருசம் கண்டக்டர், மிச்சம் பூராம் செக்கிங் இன்ஸ்பெக்டர். படியில ஏறி நின்னு ஒரு பார்வ பாத்தாப் போதும். டிக்கெட் எடுத்தவன் என்னயப் பாப்பான். எடுக்காதவன் சன்னலுக்கு வெளிய வயக்காட்ட ரசிச்சுக்கிட்டு இருப்பான். நீங்க ரசிச்சுக்கிட்டு இருந்தீங்க, அதான் கேட்டேன்.

தென்காசி வரைக்குமா? நல்லதாப் போச்சு. ஒரு விசயம் சொல்லுதேன், நீங்களே நியாயத்தச் சொல்லுங்க. திருநெல்வேலியில யார்ட்டயும் சொல்ல முடியாது. சொன்னா என்னயப் பாத்துத்தான் சிரிப்பாவ.

எம் பொண்டாட்டி பேரு உலகம்மா. கல்யாணமாகி முப்பத்தேழு வருசம் ஆச்சு. வாயில வெரல வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாதவன்னு நெனச்சிருந்தேன். வீட்டுல நான் பேசுவேன், அவ 'ம்'ம்பா. அம்புட்டுத்தான் எங்க குடும்பம். சண்ட கெடையாது, சச்சரவு கெடையாது. அப்பேர்ப்பட்டவ எனக்குத் தெரியாம ஒரு காரியம் பண்ணிக்கிட்டு இருக்கா. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ஒரு வருசமா. அத எப்பிடியாவது நிப்பாட்டிறணும்னுதான் நான் கெடந்து அல்லாடுதேன்.

அவளுக்குச் சுகரு. டாக்டர் நடக்கச் சொன்னாரு. எங்க வீடு மீனாட்சிபுரம், ஆத்துக்கு மூணாவது தெரு. ஆத்தோரமா நடந்துட்டு வான்னு நாந்தான் அனுப்புனேன். தெனமும் ஆறு மணிக்குப் போவா, ஆறேமுக்காலுக்கு வந்துருவா. அதுல ஒரு குத்தமும் இல்ல. ஞாயித்துக்கெழமதான் ஒதைக்கும். அஞ்சரைக்கே போயிருவா, வர ஒம்பது ஆயிரும். கேட்டா, "இன்னைக்குக் கொஞ்சம் தூரமாப் போயிட்டேன்"ம்பா. கொஞ்சம் தூரம்னா எங்க, பாவநாசத்துக்கா?

சரி, போட்டும்னு விட்டேன். ஆனா கண்ணு சும்மா இருக்குமா தம்பி? ஞாயித்துக்கெழம மட்டும் சுங்குடிச் சேல. கையில கொட, தண்ணி பாட்டில், ஒரு நோட்டு. ஆத்தோரம் நடக்கவளுக்கு நோட்டு என்னத்துக்கு? அதையும் விடுங்க. வீட்டுக்கு வந்ததும் உப்புத்தண்ணி வச்சுத் தொண்டையக் கொப்பளிக்கா. நடந்தா காலு வலிக்கும், முட்டி வலிக்கும். தொண்ட எப்பிடி வலிக்கும்?

அங்கதான் புடிச்சேன். செக்கிங்குல எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது அதுதான். ஆளப் பாக்காத, பொருந்தாதது எதுவோ அதப் பாரு.

அந்த நோட்டத் தேடுனேன். பீரோவுல இல்ல, அரிசி டிரம்முல இல்ல, மெத்தைக்கு அடியில இல்ல. எங்க ஒளிச்சு வச்சிருந்தா தெரியுமா? நான் தெனமும் பேப்பர் வாசிக்க நாற்காலிக்குப் பக்கத்துல, ஸ்டூலுக்கு மேலயே! எத்தன மாசமாவோ அங்கனதான் கெடக்கு. கண்ணுக்கு முன்னால வச்சா சந்தேகம் வராதுன்னு ஒரு கணக்கு. பெரிய கில்லாடி. தொறந்து பாத்தேன். 'தூண் பதினாறு. மூணாவது தூணுல பாம்பு. போன வாரம் மெட்ராஸ் பொண்ணு கேட்ட கேள்விக்குப் பதில் தெரியல. ஜெயசீலன் சார்ட்டக் கேக்கணும்.' இப்பிடிப் பக்கம் பக்கமா.

ஜெயசீலன் சார்! யாரு இந்த சாரு? எனக்கு உள்ளங்கால்ல இருந்து சூடு ஏறிட்டு.

சந்தேகப் புத்தின்னு நெனைக்காதீங்க. சந்தேகம் வேற, கவனிப்பு வேற. எனக்கு இருக்கது கவனிப்பு. அடுத்த ஞாயித்துக்கெழம அவ தெரு முக்குத் திரும்பட்டும்னு நின்னு, தலையில துண்டப் போட்டுக்கிட்டுப் பின்னாலயே போனேன்.

நேரா குறுக்குத்துறைக்குப் போறா. ஆத்துக்குள்ள முருகன் கோயில் இருக்குல்லா, அதுக்கு எதுத்த கல்மண்டபத்துல ஒரு இருவது பேரு நிக்காவ. தொப்பி போட்டவ, கேமரா மாட்டுனவ, காலேஜ் பிள்ளைய, வெளியூர்த் தம்பதி. நடுவுல தாடி வச்சு நாப்பது வயசுல ஒருத்தன். அவந்தான் ஜெயசீலன். பாளையங்கோட்டையில ஒரு காலேஜுல சரித்திரம் சொல்லிக் குடுக்கானாம். ஞாயித்துக்கெழமதோறும் ஆளுகளக் கூட்டிக்கிட்டு குறுக்குத்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம், பாலம், சிந்துபூந்துறைன்னு ஆத்தோரமாவே பழைய தெருவெல்லாம் நடத்திக் கூட்டிட்டுப் போறான். இதுக்கு ஒரு போஸ்டரு, அதுல ஒரு போன் நம்பரு.

இவ எதுக்கு இந்தக் கூட்டத்துலன்னு நான் அரசமரத்துக்குப் பின்னால நின்னு பாக்கேன். அந்தாளு ஒரு தாள இவ கையில குடுத்தான். இவ கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஒவ்வொரு பேரா வாசிக்கா. அவனவன் கையத் தூக்கி 'வந்திருக்கேன்'ங்கான். வாசிச்சு முடிச்சுத் தாள மடிச்சு இடுப்புல சொருகுனா. அந்த சாரு இனிமே பேசுவான்னு பாத்தா, அவன் கையக் கெட்டிக்கிட்டு ஒதுங்கி நிக்கான். இவ ஆத்தப் பாத்துத் திரும்பிப் பேச ஆரம்பிச்சுட்டா.

எங்க வீட்டு உலகம்மா தம்பி. 'ம்'முக்கு மேல பேசாதவ.

"இந்த முருகன நல்லாப் பாத்துக்கோங்க. வெள்ளம் வந்துச்சுன்னா கோயில் முங்கிரும். அதுக்கு முந்தியே சாமியத் தூக்கி மேலக்கோயில்ல கொண்டு வச்சிருவோம். தண்ணி வடிஞ்சதும் எறங்கி வந்துருவாரு. சாமியே மேட்டுக்குப் போகும்போது மனுசன் போறதுல என்னய்யா வெக்கம்?" அப்பிடிங்கா. கூட்டம் கலகலன்னு சிரிக்கி. சிரிச்சு முடிக்கட்டும்னு நிதானமா நின்னு அடுத்ததச் சொல்லுதா. எங்க படிச்சா இந்த வித்தைய?

நடக்க ஆரம்பிச்சாவ. நானும் முப்பதடி தள்ளி நடந்தேன். ஆறு அது பாட்டுக்குக் கெடக்கு. துணி தொவைக்கவன் தொவைக்கான், குளிக்கவன் குளிக்கான். அறுவத்தாறு வருசமா நான் பாக்க ஆறுதான், அதுல என்ன இருக்கு? இவ நாலடிக்கு ஒருக்கா நிப்பாட்டி, இந்தப் படித்துறையில எந்தத் தெருக்காரவ குளிப்பாவ, இந்தக் கல்லுல ஏன் குழி விழுந்திருக்கு, இந்த வீட்டு வாசல் ஏன் தெருவுக்குத் திரும்பாம ஆத்துக்குத் திரும்பியிருக்குன்னு சொல்லிக்கிட்டே வாரா. அந்த வீட்ட நானுந்தான் நித்தமும் தாண்டிப் போறேன். வாசல் திரும்பியிருக்கதப் பாத்ததே இல்ல. அதுக்காக அவ சொல்லுததெல்லாம் உண்மைன்னு ஆயிருமா?

எங்க தெரு முக்கு வந்துச்சு. அங்க நின்னுட்டா! ஒரு கரண்டுப் பெட்டி இருக்கும் அங்கன, அதுக்குப் பின்னால பதுங்கிட்டேன்.

"தொண்ணூத்திரண்டு வெள்ளத்துல தண்ணி இந்த மட்டுக்கு வந்துச்சு"ன்னு சுவத்துல கைய வச்சுக் காட்டுதா. அவ தலைக்கு மேல ஒரு சாண். "எம் பொண்ணுக்கு நாலு வயசு. எங்க வீட்டுக்காரர் நாகர்கோவில் டூட்டிக்குப் போயிட்டாரு. பிள்ளைய இடுப்போட சேலையால கெட்டிக்கிட்டு எதுத்த வீட்டு மாடிக்கு ஏறிட்டேன். அந்த மாடியில பத்தொம்பது பேரு. ரெண்டு நாளு நனைஞ்ச அவலத் தின்னுக்கிட்டு இருந்தோம். மூணாம் நாளு அவரு வந்தாரு. வந்ததும் கேட்ட மொதக் கேள்வி என்ன தெரியுமா? என் எஸ்.எஸ்.எல்.சி. சர்ட்டிபிகேட் நனைஞ்சிருச்சான்னு."

அந்தக் கேமராக்காரப் பய வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கான்.

பின்ன கேக்க மாட்டனா தம்பி? அந்தச் சர்ட்டிபிகேட் இல்லாம எனக்குப் புரமோசன் எவன் குடுப்பான்? அவளும் பிள்ளையும் முழுசாக் கண்ணு முன்னால நிக்காவ. நிக்கவியளப் பத்தி என்ன கேக்க? நனையக்கூடியதத்தான கேக்கணும். அதுவும் நனையல. தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக் கொண்டு போயிருக்கா. நல்ல வேலதான் செஞ்சிருக்கான்னு நானும் மனசுக்குள்ள நெனைச்சுக்கிட்டேன் அன்னைக்கு. வாய்விட்டுச் சொன்னேனான்னு கேட்டா, ஞாபகமில்ல.

சிரிப்பு அடங்குச்சு. இவ கொரலத் தணிச்சுச் சொல்லுதா, "நாங்குநேரியில இருந்து நடந்தே வந்திருக்காரு மனுசன். ரோடெல்லாம் அறுத்துக்கிட்டுப் போயிட்டு, பஸ்சு ஏது? செருப்பக் கழட்டும்போது தோலும் சேந்து வந்துச்சாம். இன்னைக்கு வரைக்கும் அத எங்கிட்ட அவரு சொன்னதில்ல."

அந்தத் தொப்பிக்காரப் பொண்ணு 'ச்சோ'ன்னுச்சு.

முப்பது கிலோமீட்டர் தம்பி. சேத்துக்குள்ள, வயித்துல ஒண்ணும் இல்லாம, இவிய இருக்காவளா போயிட்டாவளான்னு தெரியாம. நான் ஒருத்தர்ட்டயும் மூச்சு விடல. ஆம்பள போயி இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருப்பானா? என்கூட நடந்து வந்தது டிரைவர் பரமசிவம் ஒருத்தன்தான். அவன் செத்துப் பன்னெண்டு வருசம் ஆச்சு. அப்பம் அவன் சாகதுக்கு முந்தியே இவளுக்குச் சொல்லியிருக்கான். பன்னெண்டு வருசத்துக்கு மேலா உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டு எனக்குச் சோறு போட்டிருக்கா. ஊருக்கெல்லாம் சொல்லுதா, எங்கிட்டச் சொல்லல. இதுக்கு என்ன பேரு, சொல்லுங்க?

நீங்க சிரிக்காதீங்க.

அதுக்குப் பெறகு கைலாசநாதர் கோயிலு, பாலம்னு என்னென்னமோ சொன்னா. பாலத்துல நின்னுக்கிட்டு, இதக் கட்டுன முதலியாருக்கு அவரு சம்சாரம் நகையக் கழட்டிக் குடுத்ததாச் சொல்லுவாவ, பாலத்துக்கு முதலியார் பேரு, நக கழட்டுன அம்மா பேரு உங்கள்ல எத்தன பேருக்குத் தெரியும்னு கேட்டா. அவனவன் பக்கத்துல நிக்கவனப் பாக்கான். எனக்கும் தெரியாது. ஆனா கேட்ட தோரண இருக்கே, அது எனக்குப் புடிக்கல.

வீட்டுக்கு வந்து கோயமுத்தூர்ல இருக்க மகளுக்குப் போனப் போட்டேன். ஒங்கம்மா என்ன செய்தா தெரியுமான்னேன். "தெரியும்ப்பா, ஒரு வருசமாப் போறாங்களே. ஒங்ககிட்டயும் மூணு தடவ சொன்னாங்களாமே. நீங்க பேப்பர்ல இருந்து தலையத் தூக்கலயாம்"ங்கா. பேப்பர் வாசிக்கும்போது சொன்னதெல்லாம் சொன்னதுல சேருமா தம்பி? காதுல விழணும்லா. ஆத்தாளும் மகளும் சேந்துக்கிட்டாவ, அம்புட்டுத்தான்.

அந்த ஜெயசீலனையும் விசாரிச்சேன். நல்ல மாதிரின்னு சொன்னாவ. அவன் சம்சாரமும் அந்த நடையில வாராளாம், பின்னால வார ஆளுகள எண்ணிக்கிட்டு. சரி, அந்தச் சந்தேகம் தீந்துது. ஆனா தீந்ததும் இன்னொண்ணு வந்துட்டு. அவன் மேல ஒண்ணும் இல்லன்னா, பின்ன எதுக்காக இவ போறா? ஒரு காரணமும் இல்லாம ஒருத்தி வாரந்தோறும் தொண்டையக் கட்டிக்கிட்டு வருவாளா?

நேரா நிறுத்துன்னு சொல்லலாம்லா, அதான கேக்கீங்க? சொல்லலாம். சொன்னா 'ம்'முன்னு நிறுத்திருவா. அதுதான் வம்பு. பெறகு மக போன்ல குதிப்பா. காலத்துக்கும் நான் கெட்டவன். அதனால அவளாவே நிறுத்தணும். அவளாவே வெக்கப்பட்டு, எனக்கு இது வேண்டாம்னு வரணும். அதுக்கு ஒரு வழி யோசிச்சேன் பாருங்க, முப்பத்திரண்டு வருச சர்வீஸ்ல யோசிக்காத யோசன.

எம் பேரு ஆவுடையப்பன். இந்த முப்பத்தேழு வருசத்துல எம் பேரு அவ வாயில வந்ததே இல்ல. நம்ம பக்கத்து வழக்கம் ஒங்களுக்கே தெரியும், புருசன் பேரச் சொன்னா ஆயுசு கொறையும்பாவ. இந்தக் காலத்துப் பிள்ளைய பேரச் சொல்லி வாடா போடான்னு கூப்பிடுது. அவ அப்பிடி இல்ல. ரேசன் கடையில பேரு கேட்டா கார்ட நீட்டுவா. ஓட்டுப் போடுத எடத்துல கேட்டா பின்னால நிக்கவியளப் பாத்து 'நீங்க சொல்லுங்கக்கா'ம்பா. கோயில்ல லிங்கத்துக்கு அடியில இருக்க ஆவுடையக்கூடப் பீடம்னுதான் சொல்லுவா. அவ்வளவு சுத்தம்.

அப்பம், அவ வாசிக்க தாளுல எம் பேரு இருந்தா?

போஸ்டர்ல இருந்த நம்பருக்குப் போனப் போட்டு, ஞாயித்துக்கெழமைக்குப் பேரு குடுத்தேன். "பேரு சொல்லுங்க சார்." ஆவுடையப்பன். "எந்த ஊரு?" அம்பாசமுத்திரம்னு ஒரு பொய்யச் சொன்னேன். அந்தாளுக்குச் சந்தேகமே வரல. எப்பிடி வரும்? இவதான் ஒருத்தர்ட்டயும் எம் பேரச் சொன்னதில்லையே.

என் கணக்கு இதுதான். வாசிச்சுக்கிட்டே வருவா, எம் பேர்ல வந்து நிப்பா. சொல்ல வாய் வராது. இருவது பேரும் என்ன என்னன்னு பாப்பாவ. தாள அந்த சார் கையில குடுத்துட்டு மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துருவா. பெறகு அந்தப் பக்கமே போக மாட்டா. கத முடிஞ்சுது. நான் ஒரு வார்த்த சொன்ன மாதிரியும் இருக்காது.

போன ஞாயித்துக்கெழம தம்பி. அவ போனதும் நானும் வெளுத்த சட்டையப் போட்டுக்கிட்டுப் போனேன். துண்டு கிண்டு ஒண்ணும் இல்ல. நேரா கூட்டத்துக்குள்ள போயி நின்னேன். பின்வரிசையில, ஒரு உயரமான பயலுக்குப் பக்கத்துல. அவ என்னயக் கவனிக்கல. கண்ணாடிய மாட்டுனா. ஆரம்பிச்சா. எனக்கு எண்ணிக்கிட்டே நிக்க வேண்டியதாப் போச்சு. பதிமூணு பேரு ஆச்சு.

பதினாலாவது பேர்ல நின்னுட்டா.

தாளையே பாக்கா. பெறகு கண்ணாடிக்கு மேல கூட்டத்தப் பாத்தா. ஒவ்வொரு மொகமாப் பாத்துக்கிட்டே வந்து எங்கிட்ட வந்து நின்னுது அவ கண்ணு. சத்தியமாச் சொல்லுதேன், அந்த நேரத்துல எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. பாவம், விட்டுருவோமான்னு தோணிட்டு. ஓடிப் போயி அந்தத் தாள வாங்கிறலாமான்னுகூடப் பாத்தேன். ஆத்துச் சத்தம் கேக்கி.

"ஆவுடையப்பன்"னா.

கேட்டீங்களா? ஆவுடையப்பன். நல்லா முழுசா, வெங்கல மணி மாதிரி. ஒரு திக்கல் இல்ல, ஒரு கூச்சம் இல்ல. எங்கம்மா கூப்பிட்டது, வாத்தியாரு கூப்பிட்டது, டிப்போவுல மேனேஜர் கூப்பிட்டது, ஆயிரம் பேரு கூப்பிட்டிருக்கான். எம் பேரு இப்பிடி இருக்கும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

கையத் தூக்கணும், வந்திருக்கேன்னு சொல்லணும். அம்புட்டுத்தான வேல? கை மேல போகல.

"ஆவுடையப்பன் சார்?" ரெண்டாந்தடவ கூப்புடுதா. என்னயப் பாத்துக்கிட்டேதான் கூப்புடுதா தம்பி. நேருக்கு நேரா.

பக்கத்துல நின்ன பய என்னயப் பாக்கான்.

"வரல போலிருக்கு"ன்னா. பென்சில எடுத்து ஒரு கோடு போட்டா. அடுத்த பேரு யாரோ செல்வின்னு ஒரு பொண்ணு, அதுக்குப் போயிட்டா.

கண்ணு முன்னால ஆறடிக்கு நிக்கவன தம்பி! வரலன்னு எழுதிட்டா.

பெறகென்ன, நடந்தாவ. நானும் பின்னால நடந்தேன். வரலன்னு கோடு வாங்குனவன் எந்த மொகத்தோட நடக்கது, ஆனாலும் சிந்துபூந்துறை வரைக்கும் நடந்தேன். எங்க தெரு முக்குல அவ வெள்ளக் கதையச் சொன்னா. அதே கத, அதே சிரிப்பு. நாங்குநேரியில இருந்து நடந்து வந்ததச் சொல்லும்போது மட்டும் கூட்டத்தப் பாக்காம ஆத்தப் பாத்துக்கிட்டுச் சொன்னா. என்னய ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல. வீட்டுக்கு வந்து இட்லி அவிச்சுத் தேங்காச் சட்னி வச்சா. நானும் தின்னேன். அவளும் ஒண்ணும் கேக்கல, நானும் ஒண்ணும் கேக்கல. இன்னையோட நாலு நாளாச்சு. தூங்க முடியல எனக்கு.

என்ன விசயம்னு தெரியுதா ஒங்களுக்கு? முப்பத்தேழு வருசமா வாயில வராத பேரு. அது ஒரே மூச்சுல அம்புட்டு சுத்தமா வருதுன்னா, அது மொதத் தடவையா இருக்குமா? நான் கண்டக்டரா இருந்தவன். புது ஊர்ப் பேரச் சொல்ல எனக்கே ரெண்டு நாளு ஆகும். அப்பம் இவ எங்கயோ சொல்லிப் பழகியிருக்கா. அடுப்படியிலயோ, ஆத்தங்கரையிலயோ, ஆளில்லாத நேரமாப் பாத்து, எம் பேர எடுத்து எடுத்துச் சொல்லிப் பாத்திருக்கா. எத்தன நாளா, எத்தன வருசமான்னு தெரியல. அதக் கண்டுபிடிக்காம நான் விடப் போறதில்ல.

வார ஞாயித்துக்கெழமைக்கும் பேரு குடுத்திருக்கேன். முன்வரிசையிலயே போயி நிக்கப் போறேன். ஆனா மொதத் தடவ கூப்பிடும்போது வாயத் தொறக்க மாட்டேன் தம்பி. ரெண்டாந்தடவையும் கூப்புடுதாளான்னு பாக்கணும்.